துடுப்பக்கா வீட்டின் முதல் விருந்து

வந்தவரிடம் ஏன் வந்தீர் என்றும், புறப்படுபவரிடம் ஏன் போகிறீர் என்றும் கேளாதிருப்பது விருந்தோம்பலின் நுட்பமான பகுதி. உண்ணக் கொடுப்பது பலருக்கும் கைவரும். கேளாமல் கொடுக்கும் நாகரிகம் சிலருக்கே வாய்க்கும். அந்நலம் முழுதும் வாய்த்த ஒருவரைப் பேரேரியின் நடுவே ஒரு தீவில் நாங்கள் கண்டோம். அவரை எல்லாரும் துடுப்பக்கா என்றே அழைத்தனர்.

அக்கரையில் பிறந்து, மணமாகித் தீவுக்கு வந்தவர் அவர். வந்த புதிதில் தண்ணீரைக் கண்டாலே உடல் நடுங்குமாம். பிறந்த வீட்டுக்குப் போகவேண்டுமானால் எவரையேனும் கெஞ்சவேண்டும். கெஞ்சுவதைவிட நடுங்குவது மேல் என்று ஒருநாள் தாமே படகேறினார். அன்று பிடித்த துடுப்பை அவர் பின்னர்க் கீழே வைக்கவில்லை. கோழியை விரட்டவும், எட்டாத காயைப் பறிக்கவும், பட்டறைச் சுவரைத் தட்டிக் கணவரை உணவுக்கு அழைக்கவும் அதுவே கருவி. எஞ்சிய பொழுதெல்லாம் வலை பின்னுவார்.

கணவர் படகு கட்டும் தச்சர். பேச்சில் கடுஞ்சிக்கனம் பிடிப்பவர். மீந்த படகுப் பலகைகளைக்கொண்டு வீட்டை ஒட்டி ஓர் அறை எழுப்பியிருந்தார். அதன் சுவர்கள் படகின் விலாவைப்போல மெல்ல வளைந்திருந்தன. சன்னலைத் திறந்தால் அலையோசை, மூடினால் தாரின் மணம். வெளியூரார் தங்கவேண்டும் என்பதற்காகவே எழுந்த அவ்வறைக்கு முதல் விருந்தினர் நாங்கள்: நான், மனைவி, மகள், மனைவியின் தம்பி. ஒரு வாரம் இருப்பதாகச் சொல்லியிருந்தோம்.

அந்த ஒரு வாரம் அக்காவுக்கு எத்துணைப் பெரிது என்பது இறங்கிய அன்றே விளங்கிற்று. பக்கத்து வீட்டுக்காரி வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தார்.

“நிஜமாவே ஆளு வந்துட்டாங்க போல? உங்க வீட்டுக்காரர் குறட்டையை ஒரு தடவை கேட்டா, படகுக்குக் காத்திருக்காம நீந்தியே போயிடுவாங்க.”

“வாரம் முழுக்க இருக்கப்போறாங்க. நீ வேணும்னா வேலியிலயே உக்காந்து பாத்துக்கோ,” என்றார் அக்கா. சொல்லில் மிடுக்கு இருந்தது. எங்கள் பக்கம் திரும்பிய கண்ணில் ‘இருப்பீர்கள் அல்லவா’ என்னும் வேண்டுதல் இருந்தது.

இருக்கக் கசக்குமா? மகள் வலைமுடிச்சுக் கற்றாள். மைத்துனன் படகு செலுத்தக் கற்கப்போய் ஒரே இடத்தில் வட்டமடித்தான்.

“ஏன்டா, செக்கு மாடு மாதிரி சுத்துற?” என்றாள் மனைவி கரையிலிருந்து.

“ஏரியை நாலு பக்கமும் பாக்க வேணாமாக்கா?”

வாரத்தின் நடுவே ஒரு முற்பகல், குளித்தெழுந்த மைத்துனன் படகுத்துறையின் உயர்ந்த கம்பத்தில் தன் சிவப்புத் துண்டை உலரக் கட்டினான். அக்கம்பத்தில் சிவப்புத் துணி பறந்தால், கரைக்குச் செல்ல ஆளிருக்கிறது என்று அக்கரைப் படகோட்டியை அழைப்பதாகப் பொருள். தீவில் தவழும் குழந்தைக்கும் தெரிந்த செய்தியாதலின், அதை எங்களுக்குச் சொல்லவேண்டும் என்று எவருக்கும் தோன்றவில்லை.

அக்கா துண்டைக் கண்டார். ஒன்றும் கேட்கவில்லை. அடுக்களைக்குச் சென்று மீன் பொரித்துப் பொதிந்தார். ரொட்டி சுட்டுத் துணியில் கட்டினார். மகளுக்கென ஒரு சிறு வலைப்பையை விரைந்து பின்னினார். கொடியில் கிடந்த எங்கள் உடைகளை மடித்து அறைவாயிலில் வைத்தார். முகத்தில் சிரிப்புக் குறையவில்லை; இமைகள் மட்டும் நனைந்திருந்தன.

மனைவி என்னை ஓரமாக இழுத்தாள். “என்னங்க, நம்மளைக் கெளம்பச் சொல்றாங்களா?”

“வாய்விட்டுச் சொல்லலையே.”

“சோத்தைக் கட்டி, துணியை மடிச்சு வச்சாச்சு. இதுக்கு மேல எப்படிச் சொல்லுவாங்க? எல்லாம் இவனாலதான். கூச்சமில்லாம மறுபடி மறுபடி வாங்கித் தின்னான்ல?”

“அவங்களாத்தான் போட்டாங்க,” என்றான் மைத்துனன். “நான் கையை வச்சுத் தட்டை மறைச்சேன். தட்டு பெருசு, கை சின்னது.”

அதே வேளையில் பட்டறையில் நடந்ததைத் தச்சர் பின்னர்ச் சொன்னார். “உங்க குறட்டைதான் வெரட்டுது,” என்று அக்கா குறைபட்டாராம். “நான் எங்க தூங்கினேன்? குறட்டை வந்துடும்னு பயந்து, அவங்க வந்ததுலேருந்து முழிச்சிட்டுத்தான கெடக்கேன்,” என்றாராம் இவர்.

மாலையில் படகு வந்தது. காரணம் கேட்பது முறையன்று என்று நாங்களும் பெட்டிகளுடன் துறையில் நின்றோம். வேலியருகே பக்கத்து வீட்டுக்காரியின் தலை தெரிந்தது. உணவுப் பொதியை மனைவியின் கையில் கொடுத்த அக்கா அந்தக் கையை விடவில்லை. வாழ்நாளில் எவரிடமும் கேளாததை அன்று கேட்டார்.

“தங்கச்சி, இதைக் கேக்கக்கூடாது. ஆனா கேக்காமப் போனா என் மனசு ஆறாது. எங்க வீட்டுல என்ன கொறை கண்டீங்க?”

“கொறையா? நீங்கதானக்கா எங்களை அனுப்புறீங்க.”

“நானா? கம்பத்துல துணி கட்டுனது நீங்கதான?”

“எந்தத் துணி?”

படகோட்டி மேலே சுட்டினார். எல்லாரும் அண்ணாந்து பார்த்தோம்.

“அது என் துண்டு,” என்றான் மைத்துனன் தாழ்ந்த குரலில். “காயப்போட்டேன்.”

“நல்லா காஞ்சுதா தம்பி?” என்றார் படகோட்டி. “அதைப் பாக்கத்தான் அவ்வளவு தூரத்துலேருந்து வந்தேன்.”

முதலில் சிரித்தவர் தச்சர். அவர் சிரித்துக் கேட்டதில்லை என்று அக்காவே வியந்து பார்த்தார். பிறகு அக்காவும் சிரிப்பை அடக்கமாட்டாமல் துறைப்பலகையில் அமர்ந்துவிட்டார். தச்சர் எங்கள் பெட்டிகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு வீடு நோக்கி நடந்தார். வழிக்கெனக் கட்டிய உணவுப் பொதி துறையிலேயே பிரிந்தது. படகோட்டி சம்மணமிட்டு அமர்ந்தார்.

“அங்கயே ஏன் நிக்குற? மீன் நெறைய இருக்கு, வா,” என்று வேலிப்பக்கம் குரல் கொடுத்தார் அக்கா. பக்கத்து வீட்டுக்காரி தட்டோடு வந்தார்.

ஒரு வாரம் என்று வந்தவர்கள் அதற்கு மேலும் தங்கினோம். அக்கா எங்களிடம் நாளுக்கொரு கேள்வியாவது கேட்கத் தொடங்கினார்: உப்புப் போதுமா, காற்று வருகிறதா, மறுபடி எப்போது வருவீர்கள். அக்கேள்விகள் அவருடைய பண்புக்குக் குறைவாகவில்லை, எங்களை உறவாக்கின.

எல்லாம் வல்ல இறைவன் அந்த மனைக்கு நிறைந்த கலமும் நீங்காச் சிரிப்பும் அருள்க. அக்காவும் தச்சரும் ஒருவருக்கொருவர் நிழலாய் நெடிது வாழ்க. வருவார் பெருக; அவ்வில்லத்து அடுப்பும் அன்பும் ஒருநாளும் ஆறாதிருக்க.