துருவோடு போன பெயர்

காலை ஆறே முக்காலுக்கு அண்ணி கதவைத் திறந்தார். முதலில் என் கண்ணில் பட்டது சுவரில் சாய்த்து வைத்திருந்த ரைபிள். குழலில் சந்தனமும் குங்குமமும், கட்டையில் சாமந்திச் சரமும் இருந்தன. முந்தைய நாள் ஆயுத பூஜை.

"தம்பி வந்துட்டாரு. துப்பாக்கிய தூக்கிகினு போவத்தான் இருக்கும்" என்று உள்ளே பார்த்துச் சொன்னார். உட்காரச் சொல்லவில்லை.

அது அப்பாவின் ரைபிள். அவருக்கு அவருடைய தாத்தாவிடமிருந்து வந்தது. செய்தது யாரென்று வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. அப்பாவின் லைசென்ஸில் 'பழைய ரைபிள் ஒன்று' என்று மட்டும் எழுதியிருந்தது. அவர் இறந்த பிறகு அதை அண்ணன் பெயருக்கு மாற்றக் கேட்டபோது, செய்தவர் பெயரும் எண்ணும் வேண்டும், இல்லையென்றால் ஒப்படைத்துவிடுங்கள் என்று காவல் நிலையத்தில் சொல்லிவிட்டார்கள்.

மெட்ராஸில் பத்திரிகை வேலையில் இருந்த நான் துப்பாக்கி பழுது பார்க்கும் கடை ஒன்றில் விசாரித்தேன். குழலின் அடிப்பக்கத்தில், கட்டைக்குள் மறையும் இடத்தில் செய்தவர் முத்திரையும் எண்ணும் இருக்கும் என்றார் கடைக்காரர். துருவைச் சுரண்டக் கூடாது. மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்து வரவேண்டும். இதை அப்படியே அண்ணனுக்குத் தபால் கார்டில் எழுதிப் போட்டிருந்தேன்.

அண்ணன் தொழிற்சாலை ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். கார்டு வந்ததா என்று கேட்டேன்.

"வந்துச்சு. உன் கையெழுத்துன்னு தெரிஞ்சதும் அடுப்புல போட்டேன்."

திருகுகளைக் கழற்றிக் குழலைத் தூக்கினேன். அடிப்பக்கம் முழுவதும் புதுத் தம்ளர் மாதிரி மின்னியது.

"இது என்ன?"

"பூஜைக்கு வைக்கிற ஆயுதம் துருப்புடிச்சா இருக்கும்? ஒர்க்‌ஷாப்புக்கு எடுத்துகினு போயி பாலீஷ் போடுற பஃப் வீல்ல குடுத்தேன். கேட்டுல வாட்ச்மேன் என்னான்னு கேட்டான். பைப்புன்னேன், உட்டுட்டான்."

"கட்டைக்குள்ள இருக்கறது வெளியே தெரியவா போவுது? அடியிலயும் எதுக்குத் தேச்சே?"

"பின்ன? பாதி வேலைய செஞ்சிட்டு வர நான் என்ன பேப்பர்காரனா?"

அண்ணி சிரித்தார். நான் தாளை விரித்துப் பென்சிலால் தேய்த்தேன். தாள் ஒரே சாம்பல் நிறமாக வந்தது. ஓரத்தில் மட்டும் சிறு வளைவு ஒன்று விழுந்தது. எழுத்தின் மிச்சமா, சக்கரம் போட்ட கீறலா என்று சொல்ல முடியவில்லை. எண் இல்லை.

அண்ணன் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

"என்னா போட்டுருக்கு? வெள்ளக்காரன் செஞ்சதா?"

"இனிமே நீ செஞ்சதுதான்."

"வேணும்னே பேசுற. எம்பேருக்கு மாறக்கூடாது, அதான் உனக்கு."

"முத்திரைய அழிச்சது யாரு?"

"வெளிய போடா. இது என் குவார்ட்டர்ஸ்."

குழலைக் கட்டையில் பொருத்தித் திருகுகளை முடுக்கிவிட்டுத்தான் எழுந்தேன். அண்ணி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

அந்த வாரம் அண்ணன் ரைபிளைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்தார். ரசீதில் செய்தவர் பெயருக்கான இடத்தில் ஒரு கோடு இழுத்திருந்தார்கள்.