ஓடுகளைப் பிரித்த வருஷம்

குடிசைக்காரர்களுக்குத்தான் அரசாங்கத் தொகுப்பு வீடு என்று கேள்விப்பட்டதும், அப்பா எங்கள் வீட்டு ஓடுகளைப் பிரித்துவிட்டுக் கீற்றுப் போட்டார். இடித்துப்போட்ட ஒரு செட்டியார் வீட்டிலிருந்து அம்மா தலைச்சுமையாய்க் கொண்டுவந்த ஓடுகள் அவை. பிரித்ததில் பாதி உடைந்தன. என்ன புத்தியோ!

யூனியன் ஆபீஸிலிருந்து ஒருவர் வந்தார்.

"பாத்தீகளா சார், வெறுங்கீத்து" என்றார் அப்பா.

அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "மேல இருந்து பணம் கொஞ்சந்தான் வந்திருக்கு. இந்தத் தெருவுக்கு ஒரே வீடுதான். அதுவும் தீப்பிடிச்ச குடிசைக்குத்தான்."

எதிர்வீட்டு அக்காவின் குடிசைதான் எரிந்திருந்தது. அவள் புருஷனும் அதற்குள்ளேயே கருகிச் செத்திருந்தார். வீடு அவளுக்குப் போனது.

ஐப்பசி மழையில் எங்கள் கீற்று ஒழுகியது. ஒழுகும் இடமெல்லாம் பாத்திரம் வைத்துக்கொண்டிருந்த அம்மா, எதிரே இருந்த சிமெண்டு வீட்டைப் பார்த்துப் பெருமூச்சு விட்டாள்.

"அவளுக்கென்ன, கொடுத்து வச்சவ."