தக்கலை ஜெராக்ஸ் கடையும் என் ஒன்பது வருட வழக்கும்

ஜெராக்ஸ் என்பது ஒரு கம்பெனியின் பெயர், அதை வினைச்சொல்லாக்காதீர்கள் என்று இருபது வருடமாகச் சண்டை போடுகிறவன் நான்.

இன்று தக்கலையில் ஒரு கடையில், "போட்டோகாப்பி எடுக்கணும்" என்றேன்.

"ஜெராக்ஸா சார்?" என்றார் கடைக்கார அம்மா.

"இல்லை, போட்டோகாப்பி."

"ரெண்டுக்கும் இந்த ஒரு மெஷின்தான் சார் உண்டு. தாருங்க."

கொடுத்தது அப்பாவின் பழைய பெட்டியில் இப்போதுதான் கிடைத்த, தாத்தா காலத்துப் பாகப் பத்திரம். இங்குள்ள பழைய பத்திரங்களைப் போல மலையாளத்தில் எழுதியது. வடக்குப் பக்க வழி எங்களுக்கு மட்டும்தான் என்று பெரியப்பா மகன்மேல் நான் போட்ட வழக்குக்காக நாளை வக்கீலிடம் கொடுக்க வேண்டும். தாள் மெல்லியது. மறுபக்க எழுத்தும் சேர்ந்து தெரிந்ததால் இரண்டு கடைகளில் வெறும் கறுப்புதான் வந்தது.

இவர் தாளின் முதுகில் ஒரு கறுப்பு அட்டையை வைத்து மூடினார். எழுத்துகள் தனித்தனியாக வந்தன. எழுதியவரின் கைநடுக்கம்கூடத் தெரிந்தது!

பின்பக்கத்தையும் அப்படியே எடுத்து, வாசித்துப் பார்த்தார்.

"வடக்குள்ள வழி ரெண்டு பங்குக்கும் பொதுன்னுல்லா எழுதியிருக்கு. வாசிக்காமலா சார் கேஸ் போட்டிய?"

எனக்கு மலையாளம் பேச வரும், வாசிக்க வராது. அப்பா சொன்னதை நம்பி, ஒன்பது வருடம் பெரியப்பா மகன் வீட்டுக் கல்யாணத்துக்குக்கூடப் போகவில்லை.

இத்தனை சுத்தமாக வேலை செய்கிறவரிடம் கோபப்பட முடியவில்லை. அவர் எடுப்பது ஜெராக்ஸ்தான், ஒப்புக்கொள்கிறேன்.

இரண்டு பிரதி வாங்கினேன். ஒன்று வக்கீலுக்கு. மற்றதைப் பெரியப்பா மகனிடம் யாராவது கொண்டுபோய்க் கொடுப்பீர்களா? நான் போனால் அவன் சிரிப்பான்.