துரைசானியின் பாதிப் பாட்டு

அந்தக் கோடை விடுமுறையில் என்னை வீட்டில் வைத்துக்கொண்டு மாரடிக்க அம்மாவுக்குத் தெம்பில்லை. அப்பா ரயில்வேயில் மாந்தலே பாதையில் ஓடிக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வருவது தூங்குவதற்கு மட்டும். அம்மாவுக்குத் தையல் வேலையும் கைக்குழந்தையும் போதும் போதுமென்று இருந்தன. ஆகவே பகலெல்லாம் என்னைச் சின்னம்மாவோடு அனுப்பிவிடுவதென்று முடிவாயிற்று. சின்னம்மா அம்மாவின் தங்கை. கலியாணமாகாமல் எங்களோடுதான் இருந்தாள். ஆற்றுக்கு அக்கரையில், டாலாவில், ஒரு நார்வேக்காரர் வீட்டில் ஆயா வேலை பார்த்து வந்தாள்.

ஆயா என்றால் குழந்தை பார்க்க அல்ல. அந்த வீட்டில் குழந்தையே இல்லை. துரை, கப்பல் பழுது பார்க்கும் பட்டறையில் எஞ்சினியர். துரைசானிக்கு விட்டு விட்டு வரும் குளிர்காய்ச்சல். அவளுக்குக் கஞ்சி புகட்டுவதும் தலை வாருவதும் ஈரத் துணி மாற்றுவதும்தான் சின்னம்மாவின் வேலை. சின்னம்மாவிடம் இரண்டு சிறப்புகள் உண்டு. ஒன்று மிஷன் பள்ளிக்கூடத்து இங்கிலீஷ். மற்றது எங்கள் கோயில் பாடகர் குழுவில் தனியே கேட்கும் குரல். முதலாவது அவளுக்கு அந்த வேலையை வாங்கிக் கொடுத்தது. இரண்டாவது அதைப் போக்கியது.

விடியற்காலையில் பொட்டட்டாங் படித்துறையில் சம்பான் படகு பிடித்து ஆற்றைக் கடப்போம். நெல் சீசன் முடிகிற சமயம். ஆறு முழுக்க வெளிதேசத்துக் கப்பல்கள் நிற்கும். ஆலைகளிலிருந்து பறந்த உமித்தூள் தண்ணீரின்மேல் ஆடை கட்டியிருக்கும். அக்கரையில் இறங்கிச் சேற்றுப் பலகைகள்மேல் நடந்து பங்களாவுக்குப் போய்ச் சேருமுன்பே சின்னம்மாவின் ரவிக்கை முதுகில் ஒட்டிப்போகும். வேலையை ஆரம்பிக்கும்போதே பாதி வேலை செய்து முடித்தவளைப்போல இருப்பாள்.

துரைசானி பகலெல்லாம் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருப்பாள். சாயங்காலம் வெயில் இறங்கியதும் எழுந்து மாடி வராந்தாவுக்கு வந்து, ஆற்றைப் பார்த்து ஒரு பாட்டுப் பாடுவாள். அதில் சொல் என்று ஒன்றும் எனக்குக் கேட்காது. வெறும் குரல். அவ்வளவு நோயாளியிடமிருந்து அத்தனை உயரமான குரல் எப்படி வருகிறதென்று ஆச்சரியமாக இருக்கும். குரல் மேலே ஏறும், அங்கே கொஞ்சம் நடுங்கும், ஏதோ படியில் தடுக்கியதுபோல இறங்கும், பிறகு சட்டென்று நின்றுவிடும். தினமும் நிற்பது அதே இடத்தில்தான். நின்றபின் துரைசானி கைப்பிடியைப் பிடித்தபடி வெகுநேரம் காத்திருப்பாள். பிறகு உள்ளே போய்ப் படுத்துக்கொள்வாள். துரைசானிக்குப் பேய் பிடித்திருக்கிறதென்று சமையற்காரர் ஒரே முடிவாகச் சொல்லிவிட்டார்.

சின்னம்மாவுக்கு அந்த நிறுத்தத்தைத் தாங்க முடியவில்லை. பாட்டென்றால் அதற்கு ஒரு முடிவு வேண்டும் அவளுக்கு. வீட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே அந்தப் பாதியை முனகுவாள். அது நிற்கும் இடம் வந்ததும் கையும் நின்றுவிடும்.

"மிச்சத்தை அவுங்ககிட்டேயே கேட்டா என்ன?" என்றாள் அம்மா.

"கேட்டேன்க்கா. எனக்கு இவ்வளவுதான் தெரியும்னு சொல்லிட்டு அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டாங்க."

அந்தத் தேசத்துப் பாட்டின் மிச்சத்தை அந்தத் தேசத்தாரிடம்தான் தேட வேண்டும். எங்கள் கோயில் பெண்கள் சிலர் சனிக்கிழமை தோறும் துறைமுகத்துக்கருகே கப்பல்காரர் விடுதிக்குப் போய், மாலுமிகளின் சட்டைக்குப் பொத்தான் தைத்துக் கொடுத்து, ஞானப்பாட்டும் பாடிவிட்டு வருவார்கள். அதுவரை அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்காத சின்னம்மா, தானும் போவதாகச் சொன்னாள். அம்மாவுக்குப் புரிந்துவிட்டது.

"பொத்தான் தைக்கப் போறவ ஊசி நூலோட போவா. நீ தொண்டையைத் தீட்டிக்கிட்டுல்ல போறே. கலியாணமாகாத பொம்பளை கப்பல்காரனுங்ககிட்டே பாட்டுக் கேட்டுக்கிட்டு நின்னான்னா ஊரு என்ன சொல்லும்?"

"பாட்டுத்தானேக்கா கேக்கப்போறேன்."

"அப்ப பிள்ளையைக் கூட்டிக்கிட்டுப் போ. இல்லேன்னா போகவே வேணாம்."

இப்படியாகச் சின்னம்மாவின் மானத்துக்கு நான் காவலானேன். அந்தப் பொறுப்பின் கனம் தெரியாமல், விடுதியில் கொடுத்த பிஸ்கட்டுகளைத் தின்றுகொண்டு உட்கார்ந்திருந்தேன்.

துரைசானி ஊர்ப் பக்கத்து மாலுமிகளை எப்படியோ அடையாளம் கண்டுபிடித்து, பொத்தான் தைத்துக்கொண்டே சின்னம்மா அந்தப் பாதியை மெதுவாகப் பாடிக் காட்டுவாள். ஸ்வீடன்காரன் ஒருவன் முழுப் பாட்டும் தெரியுமென்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டு பாடினான். அது எங்கள் கோயிலில் திருவிருந்துக்குப் பாடும் ராகம். டென்மார்க்காரன் ஒருவன் மேசையைத் தட்டிக் குதித்து ஆடவே ஆரம்பித்துவிட்டான். கூட வந்த பெண்கள் தலைகுனிந்து வேகவேகமாகத் தைத்தார்கள். வேறொருவன் கேட்டுவிட்டு எழுந்து வெளியே போனான். பல சனிக்கிழமைகள் இப்படியே கழிந்தன. வாரமெல்லாம் ஆற்றைக் கடந்த களைப்போடு அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்து திரும்புவாள். போதும் விட்டுவிடுவோம் என்று நான்தான் சொல்வேன்.

கடைசியில் கிடைத்தவர் ஒரு கப்பல் தச்சர். மூட்டை இறக்கும்போது கால் நசுங்கி, கப்பல் அவரை விட்டுவிட்டுப் போய்விட்டது. பின்பக்க வராந்தாவில் கட்டுப்போட்ட காலை நீட்டிக் கிடந்தார். அவரிடம் ஒரு பிடில் இருந்தது. எங்கள் ஊர்ப் பிடிலைப்போல இல்லாமல் மேற்பலகையில் பூவேலை, ஓரத்தில் சிப்பிப் பதிப்பு, மீட்டும் தந்திகளுக்கு அடியில் இன்னொரு வரிசைத் தந்திகள். மேலே வாசித்தால் கீழே இருப்பவை தாமாகவே முனகும். சின்னம்மா பாடியதைக் கேட்டதும் அவர் பிடிலை எடுத்து மார்போடு வைத்து, பாட்டு நிற்கும் இடத்திலிருந்து மேலே வாசித்தார். சின்னம்மாவின் மடியிலிருந்த சட்டை நழுவிக் கீழே விழுந்தது.

அவர் சொன்னதைச் சின்னம்மா வீட்டுக்கு வரும் வழியில் எனக்குத் தமிழில் சொன்னாள்.

"அது பாட்டே இல்லையாம்டி. கூப்பிடுறதாம். கோடைகாலத்துல பொண்ணுங்க மாட்டை ஓட்டிக்கிட்டு மலைமேல போயிருவாங்களாம். இந்த மலையில ஒருத்தி, எதுத்த மலையில இன்னொருத்தி. பொழுது சாயறப்ப இவ கூப்பிடுவாளாம். மாடு வந்துருச்சு, நான் நல்லா இருக்கேன்னு அவ பதில் குரல் குடுப்பாளாம். பதில் வரலேன்னா, கீழே இருந்து ஆளுங்க விளக்கை எடுத்துக்கிட்டு ஏறுவாங்களாம்."

"அப்ப துரைசானிக்குப் பாட்டு மறக்கலையா?"

"மறக்கலே. அவுங்க பங்கு அவ்வளவுதான்."

அந்தப் பதில் குரலைக் கற்றுக்கொள்வது எளிதாக இருக்கவில்லை. அதில் ஒரு சுரம் இருந்தது. எங்கள் கோயில் ஆர்மோனியத்தில் அது இல்லை. இரண்டு கட்டைகளுக்கு நடுவே, எந்தக் கட்டைக்கும் பிடிகொடாமல் இருந்தது. சின்னம்மா பாட, தச்சர் தலையை ஆட்டி மறுபடி வாசிக்க, மறுபடி பாட, மறுபடி அவர் தலையை ஆட்ட, எனக்குக் கொட்டாவி வந்துவிடும். அவளுடையது தேறிய குரல். சுத்தமாகப் போய்ப் பக்கத்துக் கட்டையில் உட்கார்ந்துகொள்ளும்.

ஒருநாள் டாலாவிலிருந்து திரும்பும்போதுதான் அது வந்தது. துரைசானிக்குப் பகல் முழுக்கக் காய்ச்சல். சின்னம்மா உட்காரவே இல்லை. சம்பானில் சாய்ந்து, எழுந்திருக்கக்கூடத் திராணியில்லாமல் முனகிக்கொண்டு வந்தாள். குரல் சோர்ந்து தன் இடத்திலிருந்து கொஞ்சம் சரிந்தது. சரிந்த இடத்தில் அந்தச் சுரம் இருந்தது.

துடுப்புப் போட்டுக்கொண்டிருந்த சிட்டகாங் பாய், "ஆயாம்மா, உங்க பாட்டு இன்னிக்கு அழுவுது" என்றார்.

"அப்படியே இருக்கட்டும் பாய்" என்றாள் சின்னம்மா. திரும்பத் திரும்ப அதையே பாடி, கரை சேருவதற்குள் பிடித்துக்கொண்டாள். அடுத்த சனிக்கிழமை தச்சர் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டவில்லை. ஒன்றே ஒன்று மட்டும் சொன்னாராம், அதைப் பக்கத்தில் நின்று பாடக்கூடாது, தூரத்திலிருந்து வந்தால்தான் அதற்கு அர்த்தம் என்று.

திங்கட்கிழமை வேலை முடிந்ததும் சின்னம்மா சம்பானைக் கொஞ்சம் விலக்கி நிறுத்தச் சொன்னாள். பங்களா மாடியில் வெள்ளையாகத் துரைசானி தெரிந்தாள். கூப்பிட்டாள். குரல் தண்ணீர்மேல் வந்து, வழக்கமான இடத்தில் நின்றது. சின்னம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, முகத்தைப் பங்களாப் பக்கம் திருப்பாமல், ஆற்றுக்குள் பாடுபவளைப்போலப் பதில் கொடுத்தாள்.

மாடியில் அசைவில்லை. பாய் துடுப்பைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். அதிலிருந்து சொட்டும் தண்ணீர் கேட்டது. பிறகு துரைசானி மறுபடி கூப்பிட்டாள். முன்னைவிட வேகமாக, பாதி உடைந்த குரலில். சின்னம்மாவும் மறுபடி கொடுத்தாள்.

நாங்கள் ஒரு நோயைக் குணப்படுத்திவிட்டோம் என்றே நான் நினைத்தேன். நினைத்ததில் தப்புமில்லை. துரைசானி அந்த வாரம் எழுந்து உட்கார்ந்தாள். கஞ்சியைத் தள்ளிவிட்டு ரொட்டி கேட்டாள். சாயங்காலந்தோறும் கூப்பிட்டாள், சாயங்காலந்தோறும் ஆற்றிலிருந்து பதில் போயிற்று. வாரக் கடைசியில் கட்டிலுக்கடியிலிருந்த பெட்டியை வெளியே இழுக்கச் சொன்னாள். துணிகளை எடுத்து அடுக்கத் தொடங்கினாள்.

அங்கேதான் வினை வந்தது. மழைக்கு முன்னால் அவளை ஊருக்கு அனுப்பிவிடச் சொல்லி டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். துரை, மழை முடியட்டும், தனக்கு லீவு கிடைக்கட்டும், சேர்ந்து போகலாம் என்று தள்ளிக்கொண்டே இருந்தார். அவளும் சரி சரியென்று படுத்திருந்தாள். இப்போது, ஊரில் எதிர்மலையிலிருந்து பதில் கொடுக்கிற தன் அக்கா பதில் கொடுத்துவிட்டாள், இனி இருக்க முடியாது, அடுத்த கப்பலில் போகிறேன் என்று நின்றாள். கட்டியவர் சொல்லியும் கேட்கவில்லை.

ஊரெல்லாம் ஒருவர்மேல் ஒருவர் தண்ணீர் ஊற்றும் தண்ணீர்ப் பண்டிகைக்கு முந்தின நாள், துரை எங்களை மேலே கூப்பிட்டார். துரைசானி வெளியே புறப்படுகிற உடுப்பில் நாற்காலியில் இருந்தாள். ஷூ மாத்திரம் கட்டவில்லை. துரை பட்டறை அழுக்கோடு நின்றார். கோபக்காரர் இல்லை அவர். பல நாளாகத் தூக்கமில்லாதவரைப்போல இருந்தார்.

"ஆயா, படகிலிருந்து பாடுவது நீதான் என்று காவல்காரன் சொல்கிறான். அதை இவளிடம் சொல்லிவிடு. உன்மேல் கோபமில்லை. வேலையிலும் ஒரு குறையும் வராது. அக்கா இல்லை, நீதான் என்று மட்டும் சொல்லு."

துரைசானி சின்னம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

"எனக்கு ஞானப்பாட்டு மட்டுந்தாங்க தெரியும், துரை" என்றாள் சின்னம்மா.

எத்தனை சனிக்கிழமைகள், எத்தனை பிஸ்கட்டுகள், ஆர்மோனியத்தில் இல்லாத அந்தச் சுரத்துக்காக எத்தனை பாடு. பொய் சொன்னால் நாக்கில் சூடு என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தவளே அவள்தான்.

துரை குனிந்து, "பாப்பா, நீ சொல்லு. சின்னம்மா பாடினாளா?" என்று கேட்டார்.

எனக்கு அந்தப் பாட்டு முழுவதும் தெரியும். பாடிக் காட்ட வாய்கூடத் திறந்துவிட்டேன். அப்போது என் தலைமேல் வந்து அமர்ந்தது ஒரு கை. அழுத்தவில்லை, கிள்ளவில்லை. கனமாக, அசையாமல் இருந்தது. அது சின்னம்மாவின் கை என்றுதான் நினைத்தேன். நிமிர்ந்து பார்த்தால் சின்னம்மா கைகளைக் கட்டிக்கொண்டு தள்ளி நின்றாள். கை துரைசானியுடையது. நான் வாயை மூடிக்கொண்டேன்.

துரை பெட்டியின்மேலேயே உட்கார்ந்துவிட்டார். தங்கள் பாஷையில் ஏதோ கேட்டார். அவள் ஏதோ சொன்னாள். பிறகு சின்னம்மாவிடம் ஷூவைக் கட்டிவிடச் சொன்னாள். சின்னம்மா தரையில் உட்கார்ந்து கட்டத் தொடங்கினாள். கயிறு ஒவ்வொரு துளையாக ஏறிக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை.

நாங்கள் கீழே வந்ததும் துரை, இனி வரவேண்டியதில்லை என்று சொல்லியனுப்பினார். சம்பானில் ஏறியபின் நான் கேட்டேன்.

"பொய் சொல்லலாமா சின்னம்மா?"

"கூடாது."

"அப்ப நீங்க?"

"எனக்கு உடம்பெல்லாம் அசதியா இருக்குடி. கொஞ்சம் சும்மா வா."

பண்டிகை முடிந்து, அரிசிக் கப்பலொன்றில் துரைசானி தனியாகப் போய்விட்டதாகப் பாய் வந்து சொன்னார். சின்னம்மா வழியனுப்பத் துறைமுகத்துக்குப் போகவில்லை. அம்மாவோடு உட்கார்ந்து பொத்தான் துளை தைத்துக்கொண்டிருந்தாள். வேறு வேலை கிடைக்கும்வரை, வீட்டில் எல்லாருமே கொஞ்சம் குறைத்துச் சாப்பிட்டோம். அந்தக் கோபத்தில் நான் துரைசானியை மட்டமாக நினைத்தேன். கடலுக்கு அப்பால் இருக்கும் அக்காள் டாலாவுக்கு வந்து ஆற்றில் நின்று பாடுவாளா, அதைக்கூட யோசிக்கத் தெரியாத மண்டு என்று நினைத்தேன். தினமும் காதோரத்தில் கஞ்சி குடிக்கச் சொல்லிக் கெஞ்சிய குரலை, ஆற்றின்மேல் கேட்டால் மட்டும் ஒருத்திக்கு அடையாளம் தெரியாமற்போகுமா என்று எனக்கு அப்போது தோன்றவே இல்லை.