நான் போகாத சாத்திரியார் வீடு

இதைச் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள் என்று தெரியும். சிரியுங்கள், பரவாயில்லை. பேய், பிசாசு, சாத்திரம் எல்லாவற்றையும் பார்த்து நானும் சிரித்தவள்தான், பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படித்த திமிர் வேறு. சிரிப்போடு விட்டிருந்தால் இந்த வெட்கக்கேட்டை இன்றைக்கு உங்கள் முன்னால் உட்கார்ந்து சொல்ல வேண்டி வந்திருக்காது.

சண்டைக் காலம். யாழ்ப்பாணத்திலிருந்து தலைநகருக்கு வந்து, வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்க ஒழுங்கை ஒன்றில், ஒரு வீட்டின் பின்னறையில் அம்மாவும் வதனா அக்காவும் நானும் வாடகைக்கு இருந்தோம். அப்பா முன்னமே காலமாகிவிட்டார். அம்மாவுக்கு இழுப்பு. சமையல், மருந்து, மூச்சு முட்டினால் முதுகு தடவி விடுவது எல்லாம் அக்காதான். நான் கொம்பியூட்டர் வகுப்பு என்று நல்ல சட்டை போட்டுக்கொண்டு வெளிக்கிட்டுவிடுவேன்.

சித்திரை வருசப் பிறப்புக்கு முன்பு எங்கள் வீட்டில் ஒரு வேலை தவறாமல் நடக்கும். மூன்று பேருடைய சாதகக் குறிப்பையும் கொட்டாஞ்சேனையில் இருந்த ஒரு சாத்திரியாரிடம் கொண்டுபோக வேண்டும். வரப்போகும் வருசத்தில் யார் எதைத் தொடங்கலாம், எதைத் தொடக்கூடாது, யாருக்கு என்ன விரதம் என்று அவர் பார்த்துச் சொல்வார். அவருக்குக் கை நடுக்கம், பேனை பிடிக்க முடியாது, அதனால் அவர் சொல்லச் சொல்லப் போனவர்தான் எழுதிக்கொண்டு வர வேண்டும். அந்தக் கடதாசியின் நாலு மூலையிலும் மஞ்சள் தடவி அம்மா அலுமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டுவார். அடுத்த சித்திரை வரைக்கும் அதுதான் வீட்டுச் சட்டம்.

அந்த வருசம் அக்காவுக்குக் கனடாவிலிருந்து ஒரு சம்பந்தம் வந்திருந்தது. பொருத்தமெல்லாம் சரி. மாப்பிள்ளையின் படத்தை அக்கா தலையணை உறைக்குள் வைத்திருந்தது எனக்குத் தெரியும். இந்த வருசமே கடல் தாண்டலாம் என்று சாத்திரியார் ஒரு வார்த்தை சொன்னால் போதும், தரகரிடம் அம்மா சம்மதம் சொல்லிவிடுவார். அம்மாவுக்கு அன்று இழுப்புக் கூடியிருந்தது, ஆகவே குறிப்புகளைத் தந்து என்னை அனுப்பினார்கள்.

"செக்பொயின்ட்டில கேட்டா வடிவா பதில் சொல்லு, வாய்காட்டாதை" என்று சொல்லிக்கொண்டு அக்கா வாசல் படலை வரைக்கும் வந்தார்.

பம்பலப்பிட்டியில் ஆமிக்காரர் பஸ்ஸை மறித்து எல்லோரையும் இறக்கினார்கள். அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு ஒரு நிமிசத்தில் விட்டும் விட்டார்கள். ஆமிக்குப் பயந்துதான் போகவில்லை என்று கனகாலம் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். பொய். நான் திரும்ப பஸ்ஸில் ஏறவில்லை, அவ்வளவுதான். இறங்கும்போது செருப்பு வார் அறுந்துவிட்டது, கையில் தூக்கிக்கொண்டு போய் ரோட்டோரத்தில் தைப்பவரிடம் கொடுத்துத் தைத்துக்கொண்டு, பக்கத்து ஐஸ்கிறீம் கடையில் ஒரு பலூடா சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். அக்கா போய்விட்டால் அம்மாவின் இழுப்பும் அடுப்படியும் என் தலையில் விழும். மனத்தில் இருந்தது அது ஒன்றுதான். கொப்பியில் ஒரு தாளைக் கிழித்து சாத்திரியார் சொல்கிற மாதிரியே எழுதினேன். "மூத்த மகள் இந்த வருசம் கடல் தாண்டக் கூடாது. தாயின் அருகில் இருத்தல் நன்று. செவ்வாய்க்கிழமை விரதம்." சந்தேகம் வராமல் இருக்க அம்மாவுக்கும் எனக்கும் இரண்டு வரி சேர்த்தேன். பலூடாவை அடிவரைக்கும் குடித்துவிட்டுத்தான் எழும்பினேன்.

அம்மா வாசித்துவிட்டு மஞ்சள் தடவி ஒட்டினார். அக்கா ஒன்றுமே கேட்கவில்லை.

வருசப் பிறப்பன்று கோயிலில் பார்த்தால் அந்தச் சாத்திரியார் நிற்கிறார். அம்மா நேரே அவரிடம் போய் அக்காவின் பயணத்தைப் பற்றித் திரும்பவும் கேட்டார். பிடிபட்டேன் என்று நினைத்தேன்.

"ஓம் பிள்ளை, மூத்தவ கடல் தாண்ட வேண்டாமெண்டுதான் சொன்னனான்" என்றார் அவர். "உங்கட சின்னவதானே வந்தவ. செருப்பு அறுந்துபோச்செண்டு கையில தூக்கிக்கொண்டெல்லோ படியேறினவ."

வயது போனவர், எத்தனையோ பேர் வந்து போகிற இடம், ஆள் மாறிச் சொல்கிறார் என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் செருப்பு? அதை நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. தைத்துப் போட்டுக்கொண்டுதான் வீட்டுக்கே வந்தேன். நம்பினால் நம்புங்கள், விட்டால் விடுங்கள், அந்த நேரம் எனக்குப் பயத்தைவிடச் சந்தோசம்தான் கூட வந்தது, தப்பிவிட்டேன் என்ற சந்தோசம். அதை நினைத்தால் இப்போது உடம்பு கூசுகிறது.

கனடாக்காரர் காத்திருக்கவில்லை, மூன்று மாதத்தில் வேறு இடத்தில் முடித்துவிட்டார்கள். பிறகு அக்காவுக்கு ஒன்றும் சரிவரவில்லை. அம்மாவைக் கடைசி வரைக்கும் அக்காதான் பார்த்தார். நான் கல்யாணம் முடித்துத் தெஹிவளைக்குப் போய், பிள்ளைகளும் பெற்றேன். அக்கா இன்னமும் வெள்ளவத்தையில் தனியாக இருக்கிறார்.

போன சித்திரைக்கு அவரைப் பார்க்கப் போயிருந்தேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். முப்பது வருசமாக நெஞ்சுக்குள் கிடந்ததை அப்படியே கொட்டிவிட்டேன்.

"அக்கா, நான் அண்டைக்குக் கொட்டாஞ்சேனைக்குப் போகேல்லை. எல்லாம் நானா எழுதினது. உங்கட வாழ்க்கையைக் கெடுத்தது நான்தான்."

அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபமே இல்லை.

"இப்ப என்னத்துக்குப் பொய் சொல்லுறாய்? நீ தனியப் போறாயெண்டு பயந்து, அம்மாவை வீட்டுக்காரரிட்ட விட்டிட்டு அடுத்த பஸ்ஸில நானும் வந்தனான். வாசல்ல நிண்டு பாத்தனான். அவற்ற காலைப் பிடிச்சுக்கொண்டு, அக்காவை அனுப்ப வேண்டாமெண்டு சொல்லுங்கோ, அவ இல்லாட்டி நான் செத்துப்போவன் எண்டு குளறி அழுதாய். உனக்குத் தெரியாமல் திரும்பி வந்திட்டன்."

"அது நானில்லை அக்கா. நான் பம்பலப்பிட்டியில ஐஸ்கிறீம் கடையில இருந்தனான்."

"விசரி" என்று சிரித்தார். "சாத்திரத்துக்காகவோ நான் நிண்டனான்? அப்பிடி அழுத பிள்ளையை விட்டிட்டு எப்பிடிப் போறது?"

நான் எத்தனை சத்தியம் பண்ணியும் அவர் நம்பவில்லை. நான் கூச்சத்தில் மறைக்கிறேன் என்று நினைத்து என் கன்னத்தைத் தடவிவிட்டார்.

அன்றைக்கு நான் ஒரு சொட்டும் அழவில்லை. அந்தச் சாத்திரியார் வீட்டில் என் முகத்தோடு இருந்து அழுதது யார் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அவளுக்கு என் அக்காவில் இருந்த பாசம் எனக்கு இருக்கவில்லை என்பது மட்டும் தெரியும்.