அட்டையின் பின்பக்கம்

லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனி ஒன்றில் தொழில்நுட்பப் பிரிவுக்குத் தலைவி அவள். வயது நாற்பத்தாறு. ரசீது அடிக்கும் வேலையில் சேர்ந்து, முட்டி மோதி மேலே வந்தவள். இன்று தனி அறை, கண்ணாடிக் கதவு, கதவில் பெரிய எழுத்தில் பதவி. எந்த விஷயத்திலும் ஒரு கேள்வியோடு அவளால் நிறுத்த முடியாது. வீட்டில் குழாய் சரிசெய்ய வந்தவரையே ஏன் உடைந்தது, எப்படி ஒட்டினீர்கள், எத்தனை நாள் தாங்கும் என்று குடைந்தெடுத்து, அவர் கூலியை மறந்துவிட்டு ஓடிய கதை உண்டு. போன வருடம் அவள் குடியிருக்கும் கட்டிடத்தின் லிஃப்ட் நின்றபோது, அவளுடைய கம்பெனி மெக்கானிக்கே வந்தார். நாற்பது நிமிடம் பக்கத்திலேயே நின்று கேட்டாள். அவரும் முகம் கோணாமல் பதில் சொன்னார். நல்ல மனிதர் என்று கணவரிடம் பாராட்டிப் பேசினாள்.

அவளிடம் ஒப்படைக்கப்பட்ட வேலை, காகிதத்தை ஒழித்துக்கட்டுவது. அதுவரை ஒவ்வொரு லிஃப்டுக்கும் ஒரு மஞ்சள் அட்டை இருந்தது. மெக்கானிக் காலையில் ஆபீசுக்கு வந்து, அட்டை அறையைப் பார்த்துக்கொள்ளும் அம்மாவிடம் அன்றைய அட்டைகளை வாங்கிக்கொண்டு போவார். அந்த அம்மா எல்லோருக்கும் 'அட்டை அக்கா'. செய்த வேலையை எழுதி மாலையில் அவரிடமே திருப்பித் தருவார்கள். இப்போது ஆயிரத்துத் தொள்ளாயிரம் அட்டைகளையும் ஸ்கேன் செய்து, எல்லாருடைய போனிலும் ஓர் ஆப்பாக ஏற்றியாகிவிட்டது. இனி வீட்டிலிருந்து நேராக லிஃப்டுக்குப் போகலாம், ஆபீஸ் வாசலை மிதிக்கவே வேண்டாம். பயிற்சி வகுப்பு பதினோரு தடவை நடந்தது. ஒவ்வொரு தடவையும் கடைசியில் "எல்லாம் புரிஞ்சுதா? வேற ஏதாவது வேணுமா?" என்று கேட்டாள். "சரிங்க மேடம்" என்றார்கள், கோரஸாக.

ஆனால் மூன்றே மாதத்தில் அவளுக்கு மண்டை காய்ந்துவிட்டது. ஆப்பைத் திறக்காத ஆளே இல்லை. படிவத்தில் ஒரு கட்டம் காலி இல்லை. பச்சை பச்சையாக அறிக்கை வருகிறது. அப்படியிருந்தும், முன்பு பழுதானால் முக்கால் மணி நேரத்தில் ஓட ஆரம்பித்த லிஃப்ட் இப்போது ஒன்றரை மணி நேரம் எடுக்கிறது. வாடிக்கையாளர்கள் போனில் வெளுத்து வாங்குகிறார்கள்.

முதலாளி கூப்பிட்டனுப்பினார்.

"வெள்ளிக்கிழமை வரைக்கும் பாக்கறேன்மா. அதுக்குள்ள காரணம் தெரியலைன்னா ஆப்பை மூடிடலாம். அது இல்லாதப்போ உங்க டிபார்ட்மெண்டும் எதுக்கு, சொல்லுங்க."

அன்று திங்கட்கிழமை. அவளை நம்பி ஒன்பது பேர் அந்தப் பிரிவில் இருந்தார்கள். ஒருத்தி அப்போதுதான் பிரசவம் முடிந்து திரும்பியிருந்தாள்.

சிக்னலைச் சந்தேகப்பட்டாள், போனை மாற்றினாள், உதிரிபாகக் கிடங்கை ஒரு பிடி பிடித்தாள். ஒன்றும் அகப்படவில்லை. வரைபடத்தில் மெக்கானிக்குகள் இருக்கும் இடம் நீலப் புள்ளியாகத் தெரியும். அதைப் பார்த்தால் இன்னும் குழப்பம். காலை எட்டரைக்கு அத்தனை புள்ளிகளும் ஆபீசிலேயே குவிந்து கிடக்கின்றன. பகலிலும் ஒரு புள்ளி லிஃப்ட் இருக்கும் இடத்துக்குப் போகிறது, ஆபீசுக்கு வருகிறது, திரும்ப அங்கேயே போகிறது. ஆபீசுக்கே வர வேண்டாத ஆட்கள் அங்கே எப்படி இருப்பார்கள், வரைபடத்தில்தான் கோளாறு என்று ஆப்பைத் தயாரித்தவர்களோடு சண்டை போட்டு, புதிதாக ஒன்றை வாங்கிப் போட்டாள். புள்ளிகள் அதிலும் வந்து குவிந்தன.

"நேரா லிஃப்டுக்குத்தானே போறீங்க?" என்று ஒரு மெக்கானிக்கிடம் போனில் கேட்டாள்.

"சரிங்க மேடம்."

கேட்ட கேள்விக்கு இது என்ன பதில் என்று போனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருக்கும் கணவரிடம் சொல்லிப் புலம்பினாள். அவர் தட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமல், "பசங்க வழியைத் தப்பாப் போட்டு விடையைச் சரியா எழுதுவாங்க. காப்பி அடிச்சிருக்காங்கன்னு அர்த்தம். உனக்கு வழியெல்லாம் சரி, விடைதான் தப்பா வருது. இது என்னன்னு எனக்கும் தெரியலை" என்றார். வாத்தியார் வேலைக்கு இவர் ஒரு தண்டம் என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே பாத்திரம் கழுவினாள்.

வியாழக்கிழமை காலை, மஞ்சள் அட்டைகளைக் காகித ஆலைக்கு ஏற்றிப்போக லாரி வந்தது. கையெழுத்துப் போட்டு வரவழைத்ததே அவள்தான். அட்டை அக்கா மட்டும் சாவியைத் தராமல் சாக்குப்போக்குச் சொல்வதாகச் செய்தி வந்தது. கோபத்தோடு இறங்கிப் போனாள். எட்டரை மணி.

அட்டை அறைக்குள் பதினேழு மெக்கானிக்குகள் நின்றிருந்தார்கள். ஆளுக்கொரு மஞ்சள் அட்டையைத் திருப்பிப் பிடித்து, பின்பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தார்கள். அவளைப் பார்த்ததும் அட்டைகளை வைத்துவிட்டு ஒவ்வொருவராக நழுவிவிட்டார்கள்.

ஓர் அட்டையை எடுத்துப் பார்த்தாள். பின்பக்கம் முழுக்கப் பென்சில் எழுத்து, பத்துப் பேர் கையெழுத்தில். 'மழை பெய்தால் மூணாம் மாடிக் கதவு மூடாது, மோட்டாரைக் கழற்றாதே, கீழ்ச் சட்டத்தைத் துடை.' 'மோட்டார் ரூம் சாவி வாட்ச்மேனிடம் இல்லை. இரண்டாம் மாடி தையல்காரரிடம் கேள்.' 'அசோசியேஷன் செயலாளர் கத்துவார். கத்தி முடிக்கட்டும், பிறகு அவரே தண்ணீர் கொடுப்பார்.'

ஸ்கேன் செய்தபோது முன்பக்கத்தை மட்டும் எடுக்கச் சொன்னது யார்? அவள்தான். பின்பக்கம் காலி என்றுதானே எல்லாரும் சொன்னார்கள்!

"ஏன்க்கா, இது இருக்குன்னு எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

அட்டை அக்கா இழுப்பறையைத் திறந்து, தேடி, ஓர் அட்டையை எடுத்து நீட்டினார். அவள் குடியிருக்கும் கட்டிடத்தின் அட்டை. பின்பக்கத்தில் மூன்று வரி இருந்தது.

'நாலாம் மாடியில் நம்ம ஹெட் ஆபீஸ் கேள்வி மேடம். பக்கத்திலேயே நிற்பாங்க. எதுக்கும் பதில் யோசிக்காதே, சரிங்க மேடம் என்று சொல், சீக்கிரம் விட்டுடுவாங்க.'

முகம் ஜிவ்வென்று சுட்டது. பதினோரு வகுப்பின் கோரஸும் காதில் ஒலித்தது. அழுகை வரும்போல இருந்தது. சிரிப்பும் வந்து தொலைத்தது.

"சரி, போகட்டும்" என்று தொண்டையைச் செருமிக்கொண்டாள். "பின்பக்கத்தையும் ஸ்கேன் பண்ணி ஆப்ல ஏத்திடலாம். இனிமே இதையும் அதுலயே எழுதட்டும். என்ன சொல்றீங்க?"

"சரிங்க மேடம்" என்றார் அட்டை அக்கா.

அவள் அங்கிருந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். இதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. நாக்கு நமநமவென்றது, கடித்துக்கொண்டாள். லாரிக்காரர் வெளியே இரண்டு தடவை ஹாரன் அடித்தார்.

கடைசியில் அட்டை அக்காவே வாயைத் திறந்தார். "நீங்க படிப்பீங்கன்னு தெரிஞ்சா யாரும் எழுத மாட்டாங்க மேடம். முன்பக்கம் உங்களுக்கு எழுதறது. பின்பக்கம் அவங்க அவங்களுக்குள்ள எழுதிக்கறது. செயலாளர் கத்துவார்னு நீங்க பாக்கற இடத்துல எவன் எழுதுவான்?"

லாரியைத் திருப்பி அனுப்பினாள்.

வெள்ளிக்கிழமை முதலாளியிடம் உள்ளதை உள்ளபடி சொன்னாள். ஆப்பில் மெக்கானிக்குகள் மட்டும் எழுதவும் படிக்கவும் ஓர் இடம் வேண்டும். நீங்களும் பார்க்கக் கூடாது, நானும் பார்க்கக் கூடாது என்றாள்.

"அப்போ அதுல என்ன எழுதறாங்கன்னு நமக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாது சார்."

"வேலை செய்யுதான்னு எதை வெச்சுச் சொல்வீங்க?"

"லிஃப்ட் சீக்கிரம் ஓடுதான்னு பாக்கலாம். அது ஒண்ணுதான்."

இரண்டு பேரில் யாருக்கு அதிகக் குழப்பம் என்று சொல்வது கஷ்டம். "மூணு மாசம் பாக்கறேன்" என்றார் முதலாளி.

அங்கிருந்து நேராக அட்டை அறைக்குப் போனாள். தன் கட்டிடத்து அட்டையைக் கேட்டு வாங்கி, அக்காவின் மேஜையிலிருந்த பென்சிலை எடுத்து, அந்த மூன்று வரிக்குக் கீழே தேதி போட்டு எழுதினாள்.

'இப்போதெல்லாம் சரி என்று சொன்னால் விட மாட்டாங்க.'

அட்டை அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதைப் படித்தார். "இது நிஜமில்லைன்னு தெரிஞ்சா அழிச்சிடுவேன் மேடம்" என்று சொல்லி, அட்டையை அதன் இடத்தில் செருகினார்.