கரை ஊறவில்லை

தங்கவேல் வில்லியனூரில் தனியார் பஸ் ஓட்டியவர். பதினோரு வருடம் ஒரே வண்டி, ஒரே முதலாளி. 1974 ஐப்பசியில் நடந்ததை அவர் யாரிடமும் அதிகம் பேசியதில்லை. அவர் மனைவி சுலோசனா சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும்.

அந்த வாரம் ஸ்டியரிங்கில் ஆட்டம் கண்டிருந்தது. கால் சுற்று திருப்பிய பிறகுதான் சக்கரம் அசைந்தது. ஒரு நாள் காலையில் அடியில் படுத்துப் பார்த்தார். முன் சக்கரங்கள் இரண்டையும் இணைக்கிற டை ராடின் முனையில், கிண்ணத்துக்குள் உட்காரும் குண்டு தேய்ந்திருந்தது. அது கழன்றால் சக்கரங்கள் ஆளுக்கொரு பக்கம் போகும்.

பஸ் முதலாளி சௌந்தரராஜன் கடைத்தெருவில் மளிகையும் வைத்திருந்தார். அவரிடம் போய்ச் சொன்னார்.

"மெட்ராஸ்லேர்ந்து சாமான் நாளைக்கு வந்துடும். இன்னிக்கு மடுகரை கல்யாணப் பொண்ணு வூட்டுக்கு வண்டி ஒத்துக்கினேன். மெதுவா ஓட்டிக்கினு போப்பா."

"பாகூர் ஏரிக்கரை வழியா போவணும் மொதலாளி. தண்ணி ரொம்பிக் கெடக்குது."

"கல்யாணத்த நிறுத்தச் சொல்றியா?"

தங்கவேல் வண்டிக்குத் திரும்பி வந்தார். கட்டுக்கம்பியை எடுத்து அந்த முனையை நாலு சுற்றுச் சுற்றி முறுக்கினார். நம்பிக்கை வரவில்லை. ஆனாலும் கிளம்பினார்.

மடுகரையில் ஐம்பது பேர் ஏறினார்கள். மணப்பெண்ணும் அவள் அம்மா அமிர்தமும் முன் இருக்கையில் உட்கார்ந்தார்கள். வழியெல்லாம் ஒவ்வொரு பள்ளத்திலும் ஸ்டியரிங் 'கடக்' என்று உள்ளங்கையில் இடித்தது. பின்னால் பெண்கள் பாடிக்கொண்டு வந்தார்கள். அவருக்கு வேட்டி முழுக்க வியர்வை. ஏரிக்கரை தொடங்கும் இடத்தில் வண்டியை நிறுத்திவிட்டார்.

"எல்லாரும் எறங்கி நடந்து வாங்க. கரை ஊறிக் கெடக்குது, பாரம் தாங்காது."

"புதுப்பொடவையோட பொண்ணு சேத்துல நடக்கறதா?" என்றாள் அமிர்தம். முணுமுணுத்துக்கொண்டே இறங்கினார்கள்.

காலி வண்டியை முதல் கியரில் நகர்த்தினார். பாதிக் கரையில் ஸ்டியரிங் கையில் லேசாகிச் சும்மா சுற்றியது. இடது சக்கரம் ஏரிப் பக்கம் திரும்பியது. பிரேக்கை மிதித்தார். முன் சக்கரம் ஒன்று கரையைத் தாண்டித் தொங்க, வண்டி நின்றது. கதவைத் திறந்து குதித்தார்.

பின்னால் நடந்து வந்தவர்கள் பார்த்தார்கள். அமிர்தம் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். சீர்த்தட்டுகளைத் தலையில் தூக்கிக்கொண்டு பாகூருக்கு நடந்தே போனார்கள். கல்யாணம் நடந்தது. ஐம்பது உயிரைக் காப்பாற்றியவர் என்று ஊரில் பேச்சானது. பேச்சு வளர வளர அவர் சாப்பாடு குறைந்தது என்கிறாள் சுலோசனா.

தை பிறந்ததும் சைக்கிளில் மடுகரைக்குப் போனார். அமிர்தம் மோர் கொண்டுவந்து வைத்தாள். அவர் அதைத் தொடவில்லை.

"கரை ஒண்ணும் ஊறலம்மா. ராடு தேஞ்சது எனக்குக் காலையிலேயே தெரியும்."

அமிர்தம் மோரை எடுத்து அப்பால் வைத்தாள். பிறகு கேட்டாள்: "தெரிஞ்சேவா எங்கள ஏத்துன?"

"ஆமாம்மா."

"எழுந்து போப்பா."

போனார். அதன்பிறகு சிறு ஆட்டம் தெரிந்தாலும் வண்டியை எடுக்க மறுத்தார். ஒன்றரை வருடத்தில் சௌந்தரராஜன் அவரை வேலையிலிருந்து நிறுத்தினார். அரியூர்ப் பக்கம் ஒரு லாரி ஷெட்டில் சேர்ந்து, முன் சக்கர வேலை மட்டும் பார்த்தார். பஸ் ஓட்டக் கூப்பிட்டார்கள், போகவில்லை.